சுதக்காவுக்குச் சொந்தப் பெயர்

லெனின்கிராத்
12 நவம்பர் 1933

அன்பு அண்ணன் மீக்குலாவுக்கு, தங்கை நாஸ்தோய் தலை தாழ்த்தி வணங்கி எழுதுவது. ஓக்குலி அண்ணிக்கு அதைவிடத் தாழ்வாக ஒரு வணக்கம். பக்கத்து வீட்டு வார்வாய்க்கு வணக்கம்; அவள் பெயரை விட்டுவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் பேசமாட்டாள். பசு முஸ்திக்கியின் இரண்டு கொம்புகளுக்கும் வணக்கம். நான் நலம். விடுதியில் ரொட்டி கிடைக்கிறது, குளிரும் கிடைக்கிறது.

அண்ணா, உட்கார்ந்துகொண்டு படி. நம் இங்கிரியப் பாஷையில் இரண்டாம் வகுப்புக்கு வாசிப்புப் புத்தகம் வரப்போகிறது. அதில் ஒரு பாடம் நான் எழுதியது! பதினொன்றாம் பக்கம். நான் பிறந்த நாளில் அப்பா சுதக்கா பிடித்த கதை. கரையிலிருந்து அத்தை "பொண்ணு பொறந்திருக்கு!" என்று கத்த, கடலில் மீன் பெயரைச் சொல்லவே கூடாது என்பதையும் மறந்து, அப்பா படகில் எழுந்து நின்று முழங்கை நீள மீனைத் தூக்கிக் காட்டி "சுதக்கா!" என்று கத்தினாரே, மீன் ஓடிப்போய் மூன்று நாள் படகே பட்டினி கிடந்ததே, அதுதான். அந்தப் பட்டப்பெயர்தான் இன்றுவரைக்கும் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு முள். பாடநூல் குழுத் தலைவர் தோழர் பெலோகுரோவ், "சுதக்கா ரஷ்யச் சொல். உங்க பாஷையில வர்ற புத்தகத்துல இரவல் பேரா? சொந்தப் பேரைக் கொண்டா, இல்லைன்னா பாடத்தை எடுத்துட்டு வேற மீனைப் போடுறோம்" என்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் இருக்கும் நம் பாஷைப் பங்காளிகளின் சொல்லும் கூடாதாம். மார்ச் பதினெட்டு கடைசிக் கூட்டம். நீ கடலில் இருப்பவன். நம் ஆட்களிடம் கேட்டு அந்த மீனின் நிஜப் பெயரை அனுப்பு. அப்பா புத்தகத்தில் வரவேண்டும் அண்ணா. வந்தே தீரவேண்டும்.

உன் நாஸ்தோய்


விஸ்தினா
26 நவம்பர் 1933

நகரத்தில் புத்தகம் போடும் தங்கை நாஸ்தோய்க்கு, அண்ணன் மீக்குலாவின் வணக்கம். ஓக்குலி மாவுக் கையோடு நின்று வணங்குகிறாள். வார்வாய் வணங்குகிறாள், இருமலையும் சேர்த்து எழுதச் சொன்னாள். முஸ்திக்கி தலையாட்டியது. எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நாலாம் தரம் கூட்டுறவுக் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். அப்பா அச்சில் வரப்போகிறார்! நம் பரம்பரையில் இதுவரை அச்சில் வந்தது வலைக்கு வரி கட்டிய ரசீது மட்டும்தான்.

சொந்தப் பெயர் என்ன பெரிய வித்தை? இரண்டு நாள் வேலை. இன்றைக்கே ஏழு பேரைக் கேட்டேன். ஏழு பேரும் "சுதக்கா"தான் என்றார்கள். எட்டாமவன் "சுதக்காவ சுதக்கான்னு சொல்லாம உன் மாமனார் பேரையா சொல்லுவாங்க?" என்றான். ஊர் பெரிசு, இன்னும் ஆள் இருக்கிறது. கவலையை விடு.

உன் அண்ணி பெண்களுக்கான எழுத்து வகுப்புக்குப் போகிறாள். பென்சிலைக் கரண்டி மாதிரிப் பிடிக்கிறாள். ஆசிரியை திட்டினால் "இதால கிண்டினாத்தான் வரும்" என்கிறாளாம்.

மீக்குலா


லெனின்கிராத்
20 டிசம்பர் 1933

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வார்வாய்க்கும் முஸ்திக்கிக்கும் வரிசை தவறாமல் வணக்கம். வார்வாயின் இருமலுக்கு நெஞ்சில் போடக் கடுகுப் பற்று வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு நாள் வேலை என்றாய். இருபத்துநாலு நாள் ஆயிற்று! ஓவியர் படம் போட்டுவிட்டார் அண்ணா. கண்ணாடிக் கண், முதுகில் விரித்த முள், பக்கத்தில் கறுப்புப் பட்டை, நாய்ப்பல். அப்படியே உயிரோடு இருக்கிறது. கையை நீட்டவே பயமாக இருந்தது. படத்துக்குக் கீழே பெயருக்கு மட்டும் வெற்றிடம். தினமும் போய் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணியின் ஊரில் கேட்டாயா? அவர்கள் வோத்தியர்கள், பாஷை நமக்குப் பங்காளி. அவர்களிடம் பழைய சொல் ஏதாவது மிச்சம் இருக்கலாம்.

சுதக்கா (இப்போதைக்கு)


விஸ்தினா
21 ஜனவரி 1934

தங்கைக்கு அண்ணனின் வணக்கம். ஓக்குலியின் வணக்கம். வார்வாய் இருமலில்லாமல் வணங்குகிறாள்.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் அவமானம். ஆர்வக்கோளாறில் ஒரு காரியம் செய்துவிட்டேன். பனிக்கட்டிக்கு அடியில் பெருவலை இழுத்துக்கொண்டிருந்தோம், பன்னிரண்டு பேர். வலை, பனியில் வெட்டிய துவாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வாய், "டேய், சுதக்காவுக்கு நம்ம பாஷையில நிஜப் பேரு என்னடா?" என்று கேட்டுவிட்டது. கடலின் மேல் நின்றுகொண்டு! மீனின் பெயரைச் சொல்லி! வலைத்தலைவர் தன் கையுறையைக் கழற்றி என் வாயில் அடைத்தார். வலையில் வந்தது இரண்டு முள்ளி மீன் குஞ்சும் ஒரு பழைய பூட்ஸும். "அப்பன் ஒரு தடவ கத்துனான், மூணு நாள் பட்டினி. மகன் கேள்வியே கேக்குறான்" என்று ஊரே சிரிக்கிறது. இப்போது என்னைக் கண்டாலே கையுறையைக் காட்டுகிறார்கள்.

அண்ணியின் ஊருக்கும் ஸ்லெட்ஜ் வண்டி கட்டிக்கொண்டு போனோம், லூகா ஆற்று முகத்துக்கு. அவளுடைய சித்தப்பா துரோஹ்வாவைக் கேட்டேன்.

"சுதக்கா. வேற என்ன?"

"அது ரஷ்யப் பேரு சித்தப்பா."

"அப்படியா? அப்ப அவன் நம்மகிட்டதான் திருடியிருப்பான்."

ஆக, அவர்களுக்கும் அதே இரவல்தான். அந்தக் காலத்தில் பீட்டர்ஸ்பர்க் மீன் வியாபாரிகள் வண்டியோடு வந்து கேட்ட பெயர் இரண்டு கரையிலும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. பழைய பெயர் என்று ஒன்று இருந்திருந்தாலும், கடலில் சொல்லாமல் சொல்லாமல் தொலைத்திருப்போம்.

திரும்பி வரும் வழியில் நான், "என்ன இருந்தாலும் வந்தது வந்ததுதான், நம்மளது ஆகாது" என்று புலம்பினேன். உன் அண்ணி சால்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். குளிர் அப்படி.

மீக்குலா


லெனின்கிராத்
4 பிப்ரவரி 1934

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வார்வாய்க்கும் வணக்கம்.

அண்ணா, இன்று அழுதுவிட்டேன். வேறு மீன் படம் தயாராகிவிட்டது. ஏதோ குளத்து மீன். அதைப் பிடிப்பவர் "ஒரு மீனவர்". பெயரில்லை, பெண் பிறக்கவில்லை, கத்தவில்லை. சும்மா பிடிக்கிறார், சும்மா வீட்டுக்குப் போகிறார். தோழர் பெலோகுரோவ் கெட்டவரில்லை. "ஒரே ஒரு வார்த்தை கொண்டு வாம்மா, நானே என் கையால எழுதுறேன்" என்கிறார்.

அம்மா அப்பா இரண்டு பேருக்கும் படம்கூடக் கிடையாது. இந்த ஒரு பக்கம்தான். ஒரே ஒரு வார்த்தை அண்ணா. உன்னால் முடியாதா?

நாஸ்தோய்


விஸ்தினா
18 பிப்ரவரி 1934

கண்ணைத் துடை தங்கச்சி! கிடைத்துவிட்டது!

அண்ணனின் வணக்கம். வார்வாயின் வணக்கம். முஸ்திக்கியும் வணங்குகிறது, அடுத்த மாதம் கன்று போடும்.

பெயர்: உர்மா. நன்றாகப் பார்த்துக்கொள், உர்மா. முனைக்கு அந்தப் பக்கம் ஓஹ்வோ என்று ஒரு கிழவர், தொண்ணூறு வயது. பனிக்காற்றில் நடந்தே போய்க் கேட்டேன். "எங்க தாத்தா காலத்துல சுதக்கா ஏது? உர்மாதான்" என்றார். சொன்னவர் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். இரண்டு நாள் தாமதித்திருந்தால் சொல்லும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

நிச்சயமான சொல். தயங்காமல் போடு. அப்பாவைப் பக்கத்தில் ஏற்று.

மீக்குலா


லெனின்கிராத்
27 பிப்ரவரி 1934

அண்ணா! அண்ணா! அண்ணா!

உனக்கு ஆயிரம் வணக்கம், அண்ணிக்கு ஆயிரம், வார்வாய்க்கு ஐந்நூறு, பிறக்கப்போகும் கன்றுக்கு முன்பணமாக நூறு. நடந்தே போனாயா, அந்தக் காற்றில்? ஓஹ்வோ தாத்தாவுக்கு நான் மெழுகுவத்தி ஏற்றினேன், யாரும் பார்க்காமல். தோழர் பெலோகுரோவ் "உர்மா, உர்மா" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, வெற்றிடத்தில் பென்சிலால் தாமே எழுதினார். கூட்டத்தில் முடிவானதும் மையில் ஏறும். நான் படிக்கட்டில் ஓடி, வழுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

ஒன்று கேட்கவேண்டும். உன் கடிதத்தில் அண்ணியின் வணக்கம் இல்லையே? மறந்துவிட்டாயா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உர்மா (புதுப்பெயர்!)


விஸ்தினா
4 மார்ச் 1934

தங்கைக்கு வணக்கம். வார்வாய் வணங்குகிறாள். எல்லோரும் சுகம், ஓக்குலியும் சுகம். கன்று பிறந்தது, நெற்றியில் வெள்ளை. உர்மா என்று ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. வலை பின்னுகிற வேலை நிறைய. அதனால் சுருக்கம்.

மீக்குலா


லெனின்கிராத்
9 மார்ச் 1934

ஓக்குலி அண்ணிக்கு, உங்கள் நாஸ்தோய் வணங்கி எழுதுவது. அண்ணா, இது அண்ணிக்கான கடிதம். தயவுசெய்து அப்படியே படித்துக் காட்டு.

அண்ணி, நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் உங்கள் வணக்கம் இல்லாமல் எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட "என் வணக்கத்த எழுதிட்டியா" என்று அடுப்புத் திட்டின் மேல் சூட்டுக்காகப் படுத்தபடியே கேட்டீர்களாம். இப்போது வரிசையாக இரண்டு கடிதம், பசுவுக்கு இடமிருக்கிறது, உங்களுக்கு இல்லை. என் மேல் கோபமா?

கோபமில்லை என்றால், அண்ணா எழுதிய உர்மாக் கதையும் உண்மை என்றால், உங்கள் வணக்கத்தை அனுப்புங்கள். வேறெதுவும் எழுதவேண்டாம்.

நாஸ்தோய்


விஸ்தினா
15 மார்ச் 1934

நாஸ்தோய், வணக்கம் சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் வணங்குகிறேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனுமில்லை, இருபத்தைந்து நாள் இழுத்துவிட்டேன். ஓஹ்வோ என்று ஒருவரும் கிடையாது. நான் முனையைத் தாண்டவே இல்லை. உர்மா என்பதைக் களத்தில் விறகு பிளந்துகொண்டு நானே செய்தேன். முதலில் "குர்மா" என்று வைத்தேன், நாய் பெயர் மாதிரி இருந்தது, மாற்றினேன். கிழவரையும் நானே பெற்று நானே புதைத்தேன். நீ அழுததாக எழுதியிருந்தாய். என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு வழக்கம்போல், "ஓக்குலி, உன் வணக்கத்தைச் சொல்லு" என்றேன். அவள் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே, "பொய் போற வண்டியில என் வணக்கம் ஏறாது" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்காமலே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். நாஸ்தோய், கை வரவில்லை. ஒருவர் சொல்லாத வணக்கத்தை எழுதுகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். "உர்மாக் கதையும் உண்மை என்றால்" என்ற வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். உன் அண்ணி அகப்பையை வைத்துவிட்டு வந்து, தாளை என் கையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்து, விழுங்கின வரிக்கே வந்து நின்றாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கஞ்சி அடிப்பிடித்தது. அவள் தானாகப் படித்த முதல் வரி என் திருட்டு.

அப்புறம் பேசினாள். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள்.

"வந்தது வந்ததுதான், நம்மளது ஆகாதுன்னு ஸ்லெட்ஜ்ல சொன்னியே. நானும் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவதான். பதினோரு வருஷமா உன் அடுப்ப ஊதுறேன். உங்கப்பாவக் கடைசி நாள்ல தூக்கிக் குளிப்பாட்டினது இந்தக் கைதான். நாளைக்கு எவனாவது வந்து 'இவ இரவல், சொந்தப் பொண்டாட்டியக் கொண்டா'ன்னா, விறகு பொளந்துக்கிட்டே எனக்கும் ஒரு உர்மா செஞ்சு அனுப்புவியா?"

நான் அடிப்பிடித்த சட்டியை இறக்கி வைத்தேன். வார்வாய் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள், "நல்லாக் கேட்ட ஓக்குலி!" என்றாள்.

இது பதினெட்டுக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். நீ கையெழுத்திட்ட பக்கத்தில் என் பொய் மையில் ஏறிவிடும். பிள்ளைகள் அதைப் படித்துப் பாடம் ஒப்பிப்பார்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. முடிந்தால் நிறுத்து.

மீக்குலா


லெனின்கிராத்
18 மார்ச் 1934

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வார்வாய்க்கும் முஸ்திக்கிக்கும் கன்றுக்கும் வணக்கம்.

இன்றுவரை அண்ணியிடமிருந்து பதில் இல்லை. காலையில் மூன்று முறை தபால் அறைக்குப் போனேன். ஒன்றுமில்லை. கூட்டம் பதினோரு மணிக்கு. படிக்கட்டில் நின்று யோசித்தேன். அண்ணி யார் மீதும் வன்மம் வைக்கமாட்டார். அவர் வணக்கம் ஏறாத கடிதத்தில், ஏற்றக்கூடாதது ஏதோ இருக்கிறது. வியாழக்கிழமை சரியாகச் செத்துப்போன அந்தக் கிழவரும் கொஞ்சம் அதிகம்தான் அண்ணா. நான் உள்ளே போய், தோழர் பெலோகுரோவ் கண்ணெதிரிலேயே ரப்பரை எடுத்து உர்மாவை அழித்துவிட்டேன்.

"என்னம்மா பண்ற?"

"இந்தச் சொல்லை நான் நம்பலை தோழர்."

"ஏன்?"

"எங்க அண்ணி இதுக்கு வணக்கம் சொல்லலை."

அறையே சிரித்தது. ஆனால் என் வாய் நிற்கவில்லை. அப்பாவின் மகள்தானே! "ரஷ்யக்காரங்க 'சுதாக்'னு கத்தரிச்சுச் சொல்றாங்க. வாலை ஒட்ட வெச்சது நாங்க. எங்க வாயில, எங்க சட்டியில, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் இது இருக்கு. எங்கப்பாவுக்கு ரஷ்ய மொழியில பத்து வார்த்தை தெரியாது. நான் பொறந்த சந்தோஷத்துல, சொல்லக் கூடாத இடத்துல, அவர் வாயைத் தாண்டி வந்தது இந்தப் பேருதான். அவ்வளவு சந்தோஷத்துல யாராவது இரவல் பாஷை பேசுவாங்களா? இது வேண்டாம்னா பாடமே வேண்டாம். குளத்து மீனையே போடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காதெல்லாம் சூடு. அப்பாவை நானே என் கையால் வெளியே தள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தோழர் பெலோகுரோவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார். பிறகு பேனாவில் மை தொட்டு, அழித்த இடத்தில், "சுதக்கா" என்று எழுதினார். "மூணு நாள் பட்டினி கெடந்த படகுக்காரங்களுக்காக" என்றார்.

அண்ணா! பென்சில் இல்லை, மை! ஓவியர் என்னைத் தூக்கிச் சுற்றினார்!

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. நீயே எழுதுவாய், தெரியும். எழுதும்போது முதலில் அண்ணியிடம் கேள்: என் வணக்கம் எங்கே?

உன் சுதக்கா


விஸ்தினா
9 செப்டம்பர் 1934

நாஸ்தோய்,

இது நான் எழுதுவது. உன் அண்ணன் வெளியே இருக்கிறான். எட்டிப் பார்த்தால் வலைக்கட்டையால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன்.

புத்தகம் வந்தது. பதினொன்றாம் பக்கத்தை நானே படித்தேன். வார்வாய் அழுதாள். மாமா படகில் எழுந்து நின்று கத்துகிற இடத்தை நானும் கத்தியே படித்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் மீன் சாற்றுக் கறை. மன்னித்துவிடு, அடுப்புப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

உர்மா என்று கிழவர் இரண்டு பேர் இன்னும் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் தாத்தாவும் சொன்னாராம். நான் சிரித்துக்கொண்டு போய்விடுகிறேன்.

நேற்று உன் அண்ணன் கரைக்கு வந்து இறங்கியதும், எல்லோர் முன்னாலும் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, "ஓக்குலி, நம்ம, நம்ம சுதக்கா!" என்றான். நம்ம என்பதை இரண்டு தரம் சொன்னான். இந்தத் தடவை யாரும் கையுறையைக் காட்டவில்லை.

பாதித் தாள் மிச்சம் இருக்கிறது. கை வலிக்கிறது. இந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை, திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். அதனால் யாரும் கேட்காமல், நானே சொல்லி, நானே எழுதுகிறேன்:

ஓக்குலி உனக்குத் தலை தாழ்த்தி வணங்குகிறாள்.